உருகக் கூடாத சீஸ்

கால்டோ தெ கேசோ என்னும் மெக்சிகோ சூப்பை முதன்முறையாக என் முன் வைத்தபோது, கிண்ணத்தின் அடியில் கிடந்த வெள்ளைத் துண்டுகளை அவித்த முட்டையின் வெள்ளைக்கரு என்றே எண்ணினேன். கரண்டியால் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அது பல்லுக்கு மெல்ல அழுந்தி, கீச்சென்று ஒரு சிறு ஒலி எழுப்பி, உள்ளிருந்து உப்புக் கலந்த வெதுவெதுப்பான பாலின் சுவையை விட்டது. சாறு ஆவி பறக்கும் சூட்டில் இருந்தும் அந்தத் துண்டு உருகவில்லை. நூல் நூலாக இழுபடவும் இல்லை. வெட்டிய முனைகள்கூட அப்படியே நின்றன. பீட்சாவின் மேல் வழிந்தோடும் சீஸ் ஒன்றையே அறிந்திருந்த எனக்கு அது வியப்பாக இருந்தது.

அதைச் சமைத்துத் தந்தவர், சிங்கப்பூரின் ஜூரோங்கில் என்னோடு ஈராண்டு ஒரே திட்டத்தில் பணியாற்றிய, மெக்சிகோவின் சோனோரா மாநிலத் தலைநகரான ஹெர்மோசில்லோவைச் சேர்ந்த பெண்மணி. ஸ்பானிய மொழியில் கால்டோ என்றால் சாறு, கேசோ என்றால் சீஸ். கிண்ணத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் உருளைக்கிழங்குக்குப் பெயரில் இடம் இல்லை. நம் மிளகு ரசத்தில் புளிக்கும் தக்காளிக்கும் கிடைக்காத பெருமை மிளகுக்குக் கிடைப்பது போலத்தான் இதுவும். எது கெட்டால் பண்டமே கெட்டதாகிவிடுமோ, அதன் பெயரையே பண்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரின் நியாயம் எனக்குப் பிடிபட ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

சோனோரா, மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், அமெரிக்காவின் அரிசோனாவை ஒட்டிக் கிடக்கும் மாநிலம். பெரும்பகுதி பாலைநிலம், கோடையில் ஹெர்மோசில்லோவில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது புதுமையன்று. அத்தனை வெயிலில் கொதிக்கக் கொதிக்கச் சூப் குடிப்பார்களா என்று நான் கேட்டபோது, சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே மீன் சூப்புக்கு வரிசை பிடிப்பவர்கள் கேட்கும் கேள்வியா இது என்று அவர் திருப்பிக் கேட்டார். மாடு வளர்ப்பு அந்த மாநிலத்தின் பெருந்தொழில்; மாட்டிறைச்சிக்குப் பெயர் போன ஊர். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சியை விலக்குவதால், அந்த நாள்களில் அங்கே பல வீடுகளில் அடுப்பேறுவது இந்தச் சூப்தான். வீட்டில் எப்போதும் இருக்கும் பாலும் சீஸும், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் ஆகியவையும் போதும். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் அசைவம் கிடையாது என்று சொன்னதும்தான், அவர் செய்முறையை எனக்கு எழுதித் தந்தார். எழுதித் தந்தது அரைப் பக்கம். அதில் அளவுகள் இல்லை. ‘வேண்டிய அளவு’ என்பதற்கு ஈடான சொல் ஆறு இடங்களில் இருந்தது.

அவர் ஊர் திரும்பிய பிறகு நானே செய்த முதல் சூப்பைப் பற்றிச் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. பேரங்காடியில் கண்ணில் பட்ட மொட்சரெல்லாவை வாங்கிச் சதுரமாக நறுக்கி, கொதிக்கும் பானையில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் அது உருகி, கரண்டியோடு ஒட்டி, அகப்பையைத் தூக்கினால் ஒரு முழத்துக்கு இழுபட்டு, கடைசியில் பானையின் அடியில் ரப்பர்ப் பந்துபோலத் திரண்டது. அது போதாதென்று, தக்காளி கொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை நேராக ஊற்றினேன். பால் திரிந்தது. மஞ்சள் நீரில் வெள்ளைத் துகள்கள் மிதக்க, என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, பாலைத் திரிய வைக்கவா இவ்வளவு பாடு? எலுமிச்சம்பழம் வீட்டிலேயே இருந்ததே!” என்றார்.

இந்த இரண்டு தவறுகளும் தனித்தனியானவை என்று அன்று நினைத்தேன். உண்மையில் இரண்டும் பாலும் புளிப்பும் சூடும் சேரும்போது நடக்கும் ஒரே கதையின் இரண்டு முகங்கள்தாம். அது புரிந்த பிறகுதான் சூப் என் கைக்கு வசப்பட்டது.

பாலில் உள்ள கேசின் என்னும் புரதம், கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகளைச் சாந்துபோல இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். பாலில் ரென்னெட் என்னும் உறைபொருளைச் சில துளிகள் சேர்த்தால், உருண்டைகளின் மேற்புறத்தில் உள்ள மெல்லிய தூவிபோன்ற பகுதி வெட்டுப்பட்டு, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; பால் உறைகிறது; கால்சியம் அப்படியே உள்ளே தங்குகிறது. இந்த நிலையிலேயே வடித்து, உப்பிட்டு, சில நாள்களுக்குள் தின்றுவிடும் சீஸ்தான் கேசோ ஃபிரெஸ்கோ, அதாவது புதுச் சீஸ்; சோனோராவில் இந்தச் சூப்புக்குப் போடுவது இந்த வகைதான். அதைச் சூடாக்கினால் இளகும், ஆனால் ஓடாது. அதே உறைந்த பாலைப் புளிக்க விட்டால், புளிப்பு ஏற ஏறக் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று நீரோடு போகும். சாந்து உதிர்ந்த சுவர்போலப் புரதம் தளர்ந்து, சூடு பட்டதும் உருகி இழுபடும். மொட்சரெல்லா அந்த வகை. நம் பனீரோ மூன்றாவது வழியில் பிறந்தது. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு ஊற்றுவதால், கால்சியத்தில் பெரும்பங்கு ஒரே அடியில் போய்விட, புரதங்கள் ஒன்றையொன்று நேராகக் கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றன. எவ்வளவு சூடாக்கினாலும் பனீர் உருகாதது அதனால்தான். மொத்தத்தில், சோனோராச் சீஸும் பனீரும் உருகாமல் நிற்பது ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு, வாயில் அவை தரும் உணர்வும் வேறு.

அப்படியானால் பனீரையே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், நானும் நான்கைந்து முறை போட்டேன். கடையில் வாங்கும் பனீர் சாற்றில் கிடந்து ஊறினாலும், கடித்தால் மணல்மணலாக உதிர்கிறது. உப்பும் இல்லை. வேறு வழியில்லை என்றால், துண்டுகளை உப்பிட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்துப் பிறகு சேர்த்தால் பரவாயில்லை என்று சொல்லலாம். சைப்ரஸ் நாட்டு ஹல்லூமி கீச்சொலியில் சோனோராச் சீஸை வென்றுவிடும், ஆனால் கடல்நீர்போல உப்பு. ஃபெட்டாவை மட்டும் பானைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உதிர்ந்து கரைவதோடு, அதன் புளிப்பு பாலையும் திரித்துவிடும். சிங்கப்பூரின் சில உயர்விலைக் கடைகளில் கேசோ ஃபிரெஸ்கோ என்ற பெயரிலேயே எப்போதாவது கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

ஆகவே வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. லிட்டில் இந்தியா என்னும் தேக்காவில் பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கறந்த பால் கிடைக்குமா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன், கடைக்காரர் சிரித்தார். அந்த வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். தெருப் பெயரில் எருமை இருக்கிறது, தெருவில் பால் இல்லை. பேரங்காடியின் குளிர்பதன அடுக்கில் இருக்கும் பாஸ்ச்சரைஸ் செய்த கொழுப்பு நீக்காத பாலே நமக்கு வாய்த்தது. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் யுஎச்டி பெட்டிப் பால் இதற்கு உதவாது. 135 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்ட அந்தப் பாலில் மற்றொரு வகைப் புரதம் கேசின் உருண்டைகளின் மேல் போய் ஒட்டிக்கொள்வதால், ரென்னெட் வேலை செய்ய இடமில்லாமல் போகிறது. இதை நான் படித்து அறியவில்லை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, நீர்த்த பாயசம்போன்ற இரண்டு லிட்டர் திரவத்தைத் தொட்டியில் ஊற்றிய பிறகே தேடித் தெரிந்துகொண்டேன்.

ரென்னெட் முன்பெல்லாம் கன்றின் இரைப்பையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அம்மாவுக்காக, ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் சைவ ரென்னெட்டை ரொட்டி, கேக் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கினேன். புட்டியில் உள்ளது பல மாதத்துக்கு வரும்.

இரண்டு லிட்டர் பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, 35 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு வெந்நீர்த் தொட்டியும் கம்பளிப் போர்வையும் தேடுகிறார்கள். நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலோ நண்பகலில் சும்மா வைத்தாலே பால் 30 டிகிரிக்கு வந்துவிடும். அடுப்புக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. தயிருக்குப் பிரை ஊற்றும் பதம். கால் தேக்கரண்டி கால்சியம் குளோரைடை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து முதலில் சேர்க்கிறேன். கடைப் பாலில் உறைவு சற்றுத் தளர்வாக இருப்பதால் இது கைகொடுக்கும். பிறகு ரென்னெட்டை, புட்டியில் குறித்துள்ள அளவில், காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றி, அரை நிமிடம் கிளறிவிட்டு, மூடிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். குழாய் நீரில் உள்ள குளோரின் ரென்னெட்டைக் கெடுக்கும் என்பதால்தான் இந்தக் காய்ச்சி வடித்த நீர்.

முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறக்கும் கணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பாத்திரத்தை லேசாகத் தட்டினால் பால் முழுதும் ஒரே உடலாக நடுங்கும். கத்தியைச் சாய்வாகச் செருகி மெல்ல மேலே தூக்கினால், வெண்ணிறத்தில் ஒரு பிளவு நேராகத் திறந்து, அந்தப் பிளவுக்குள் இளம்பச்சை கலந்த தெளிந்த நீர் ஊறும். ஊரில் பசு கன்று ஈன்ற வீட்டிலிருந்து வரும் சீம்பாலை ஆவியில் வேகவைத்து எடுத்தால் எப்படித் துவளுமோ, அதே துவட்சி. அம்மாவும் பார்த்தவுடன் அதைத்தான் சொன்னார். பிளவு நேராக வராமல் கூழாகச் சிதறினால் இன்னும் பத்து நிமிடம் விட வேண்டும்.

பிறகு விரல் பருமனுக்குக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, மிக மெல்லிய தீயில் 38 டிகிரிக்கு ஏற்றிக்கொண்டே இருபது நிமிடம் கிளற வேண்டும். அவசரப்பட்டுக் கரண்டியைச் சுழற்றினால் கட்டிகள் நொறுங்கிக் கொழுப்பெல்லாம் நீரோடு போய்விடும். துண்டுகள் சுருங்கி, கையில் எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டும் பதத்துக்கு வந்ததும், நன்றாகத் துவைத்துக் கொதிநீரில் அலசிய பழைய வேட்டித் துணியில் வடித்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறி, இறுக முடிச்சிட்டு, மேலே குழவிக்கல்லை ஏற்றி வைக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள வட்டக் கட்டி கிடைக்கும். ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் இருந்தால் வெட்டுவதற்குப் பக்குவமாகும். நான்கு நாள்களுக்கு மேல் வைத்திருக்க முயல வேண்டாம்.

வடித்த தெளிநீரை நான் முதலில் கொட்டப் போனேன். அம்மா தடுத்தார். “பனீர்த் தண்ணியிலேயே சப்பாத்தி மாவு பிசைவோம், இதை ஏன் கொட்டுறே?” என்ற அந்த ஒரு கேள்வியால்தான் என் சூப்பின் சுவை மாறியது. பனீர் நீர் புளிக்கும். ரென்னெட்டால் உறைந்த பாலின் நீர் புளிக்காது, மெல்லிய இனிப்பாகவே இருக்கும். அதனால் அதைச் சூப்புக்கு அடிநீராக ஊற்றலாம். சோனோராவில் பெரும்பாலும் கோழிச் சாறோ வெறும் நீரோ ஊற்றுகிறார்கள். கோழி ஆகாத மாதத்தில் வெறும் நீரைவிட இது பல மடங்கு மேல். கொதிக்கும்போது மேலே வெண்துகள்கள் திரளும். பால் திரிந்துவிட்டதென்று பதற வேண்டாம்; நீரில் எஞ்சியிருந்த புரதம்தான் அது. தனியாக ஒரு முறை கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொண்டால் கண்ணுக்கும் தெளிவாக இருக்கும்.

மிளகாய்க்கு வருகிறேன். சோனோராவில் இதற்குப் போடுவது நீண்ட, சதைப்பிடிப்பான, காரம் குறைந்த பச்சை மிளகாய். அமெரிக்கர்கள் அனாஹைம் என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. இங்கே அது கிடைக்காது. குடைமிளகாயில் செய்து பார்த்தேன், இனிப்பு மிகுந்துவிட்டது. நம் ஊர்ப் பச்சை மிளகாயில் செய்தால் சூப் குழம்பாகிவிடும். சரியான மாற்று தேக்காச் சந்தையில் என் கண்ணெதிரே எப்போதும் குவிந்து கிடந்தது: பஜ்ஜி மிளகாய். நான்கு பஜ்ஜி மிளகாயைக் கத்தரிக்காய் சுடுவதுபோல நேரடித் தீயில் காட்டி, தோல் முழுதும் கருகிக் கொப்புளிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, ஒரு கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடிவிட வேண்டும். தன் ஆவியிலேயே அது வெந்து, பத்து நிமிடத்தில் தோல் விரலோடு கழன்று வரும். நீரில் கழுவக் கூடாது. கழுவினால் சுட்ட மணமும் போய்விடும். விதையை வழித்துவிட்டு, விரல் அகல நாடாக்களாகக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

இதைச் செய்யும்போது சன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். புதிய வீடுகளில் 2018 முதல் கட்டாயமாக்கப்பட்ட புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று எங்கள் வீட்டுக் கூரையிலும் இருக்கிறது. மூன்றாவது மிளகாயைத் திருப்பும்போது அது அலறத் தொடங்கியது. நாற்காலியின் மேல் ஏறி நான் விசிறியால் வீசிக்கொண்டிருக்க, நெடியில் இருமிக்கொண்டே எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டி, எல்லாம் நலமா என்று விசாரித்தார். அன்று மாலை ஒரு கிண்ணம் சூப் அவர் வீட்டுக்குப் போயிற்று. கிண்ணம் இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடு திரும்பி வந்தது.

இனி பானையில் நடப்பது அரை மணி நேர வேலை. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, நிறம் மாறாமல் கண்ணாடிபோல ஆகும்வரை வதக்கி, நசுக்கிய பூண்டு மூன்று பல், பொடியாக நறுக்கிய இரண்டு தக்காளி ஆகியவற்றைச் சேர்க்கிறேன். தக்காளியின் பச்சை வாடை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிய வேண்டும். நம் கைக்குப் பழகிய பதம்தான். கிழங்கு 600 கிராம், தோல் சீவிச் சற்றுப் பெரிய சதுரங்களாக வெட்டியது. ஹாலந்துக் கிழங்கு என்று இங்கே விற்கும் மஞ்சள் சதையுள்ள வகை, வெந்தாலும் உருக்குலையாமல் நிற்பதால் எனக்கு அதுவே பிடிக்கும். மாவுப்பற்றுள்ள ரஸ்ஸெட் வகையைப் போட்டால் ஓரங்கள் கரைந்து சூப் கெட்டியாகும்; அப்படி விரும்புகிறவர்களும் உண்டு. கிழங்கை மசாலாவில் இரண்டு நிமிடம் புரட்டி, ஒரு லிட்டர் தெளிநீரோ நீரோ ஊற்றி, உப்பைக் குறைத்தே போட வேண்டும், ஏனெனில் சீஸிலும் உப்பு இருக்கிறது. கிழங்கு முக்கால் பதம் வெந்ததும் மிளகாய் நாடாக்களைச் சேர்க்கலாம்.

பால் ஊற்றும் கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. தக்காளியின் புளிப்பும் கொதிநிலைச் சூடும் சேர்ந்து தாக்கும்போதுதான் பால் திரிகிறது. இரண்டில் ஒன்றைக் கட்டுக்குள் வைத்தால் தப்பித்துவிடும். புளிப்பை எடுக்க முடியாது, ஆகையால் சூட்டைக் குறைக்க வேண்டும். கிழங்கு முழுதும் வெந்த பிறகு தீயை மிகவும் தணித்து, பானையில் கொப்புளம் அடங்கியதும், தனியே வெதுவெதுப்பாக்கிய 300 மில்லி பாலை, பானையிலிருந்து ஓர் அகப்பைச் சாற்றை அதில் கலந்து பழக்கிவிட்டு, மெதுவாக ஊற்ற வேண்டும். அதற்குப் பின் ஒரு கொதிகூட வரக் கூடாது. இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு சிங்கப்பூரில் ஓர் எளிய வழி இருக்கிறது: கோப்பி சி என்னும் காப்பியைக் கலக்கப் பயன்படும் எவாப்பரேட்டட் பால். நீரைச் சுண்டவைத்து, திரியாதிருக்கச் சிறிது உப்புகள் சேர்த்து அடைக்கப்பட்ட அந்த டின் பால், புளிப்பையும் சூட்டையும் நன்றாகவே தாங்கும். உணவங்காடியில் மீன்துண்டு பீஹூன் சூப்பை வெண்மையாக்க ஊற்றுவதும் அதுவே. நான் வார நாள்களில் டின் பாலும், ஞாயிறுகளில் புதுப் பாலும் ஊற்றுகிறேன். டின் பாலில் லேசான காய்ச்சிய இனிப்பு இருக்கும். தெரிந்தவர் நாக்குக்கு மட்டும் தெரியும்.

மணத்துக்கு அவர்கள் போடுவது மெக்சிகோ ஆரெகனோ. இத்தாலிய உணவகத்தில் கிடைக்கும் ஆரெகனோ துளசிக் குடும்பத்தது. மெக்சிகோவினது உண்ணிச்செடியின் குடும்பத்தது, மணத்திலும் முரடு. நான் போடுவது எங்கள் தாழ்வாரத் தொட்டியில் தழைத்துக் கிடக்கும் கற்பூரவள்ளி, ஒரே ஓர் இலை, மிகப் பொடியாக நறுக்கியது. கார்வக்ரால் என்னும் மணப்பொருள் மெக்சிகோ ஆரெகனோ, கற்பூரவள்ளி இரண்டிலும் உண்டு என்பதால் இது முற்றிலும் அசட்டுத் துணிச்சல் அன்று. ஆனால் இரண்டு இலை போட்டால் சளிக்குக் கொடுக்கும் கஷாயம் நினைவுக்கு வந்துவிடும்.

சீஸைப் பானையில் போடாதீர்கள். அரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, அவரவர் கிண்ணத்தின் அடியில் ஒரு கைப்பிடி போட்டு, அதன் மேல் சூட்டோடு சூப்பை ஊற்றி, இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் துண்டின் வெளிப்புறம் பட்டுப்போல இளகி, நடுவில் மட்டும் சற்று உறுதி எஞ்சியிருக்கும். மிஞ்சும் சூப்பை மறுநாள் சூடாக்கவும் இதுவே வசதி.

துணைக்கு அங்கே வருவது தோர்த்தியா என்னும் மெல்லிய ரொட்டி; அதுவும் மக்காச்சோளத் தோர்த்தியா அல்ல, கோதுமைத் தோர்த்தியா. மெக்சிகோ முழுதும் மக்காச்சோளமே உண்ணும் என்று நாம் நினைத்திருக்க, சோனோராவோ 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைப் பாதிரியார்கள் கொண்டுவந்த கோதுமையைத் தனதாக்கிக்கொண்டது. அங்கே பெண்கள் மாவைக் கையிலிருந்து முழங்கைவரை போட்டு விசிறி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிப்பார்கள் என்று தோழி நடித்துக் காட்டியபோது, நம் பராட்டாக் கடைகளில் மாவு வீசுபவரை அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சோனோராவின் யாக்கி பள்ளத்தாக்கில்தான் வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் தம் குட்டைக் கோதுமை இனங்களை வளர்த்தார். 1966இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்தது; அவற்றில் ஓர் இனத்தின் பெயரே சோனோரா 64. அதன் செந்நிற மணி இந்தியரின் கண்ணுக்கு ஒவ்வாததால், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய குழுவினரும் கதிரியக்கத்தால் அதை மாற்றி, வெளிர்நிற மணியுள்ள சர்பதி சோனோராவை உருவாக்கினார்கள். ஆகவே சோனோராச் சூப்புக்கு நான் சப்பாத்தியைத் தொட்டுக்கொள்வதில் யாரும் குற்றம் காண முடியாது.

கடைசியாகச் சில்தெபின். தோழி விட்டுச்சென்ற சிறு புட்டியில் இன்னும் கால் பங்கு இருக்கிறது. சோனோரா மலைகளில் காடாக விளையும் மிளகாய் அது. பெரும்பாலும் பயிரிடுவதில்லை, இலையுதிர்காலத்தில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பறித்து வருவார்கள். பறவைகளுக்கு அதன் காரம் உறைக்காது. அவை தின்று விதைகளைப் பரப்ப, முட்புதர் நிழலில் செடி முளைக்கிறது. உலர்ந்த காய் உருண்டையாக, மிளகின் அளவிலேயே இருக்கும். மிளகும் காயும் சேர்ந்து மிளகாய் ஆயிற்று என்று நாம் சொல்லும் பெயர், நீளமாகத் தொங்கும் நம் மிளகாயைவிட இதற்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நஹுவாத்தில் தெள்ளுப்பூச்சி மிளகாய் என்று பொருள்படும் பெயராம். சின்னது, கடித்தால் துள்ள வைக்கும். அங்கே மேசையில் மரத்தில் கடைந்த சிறு உரலில் நசுக்கித் தூவிக்கொள்கிறார்கள். அது தீர்ந்த பிறகு சிலி பாடி என்னும் நம் ஊர்ச் சிறு மிளகாயை வெயிலில் காயவைத்து நசுக்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஆனால் சில்தெபினின் காரம் சுரீரென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிடும். சிலி பாடி அப்படி எளிதில் விடாது.

சென்ற புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, வழிபாடு முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு இதைச் செய்திருந்தேன். நான் கிண்ணங்களை எடுத்து வருவதற்குள், மேசையில் இருந்த சில்தெபின் ஒன்றை மிளகென்று எண்ணி அம்மா வாயில் போட்டு மென்றுவிட்டார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, கையால் விசிறிக்கொண்டே, “தண்ணி, தண்ணி” என்றார். தண்ணீருக்கு அந்தக் காரம் அடங்காது, பாலில் உள்ள கேசின்தான் அதைப் பற்றி இழுத்துப் போகும் என்பதால், கிண்ணத்தின் அடியிலிருந்த சீஸைக் காட்டினேன். ஒரு துண்டு, இன்னொரு துண்டு என்று தம் பங்கு முழுவதையும் தின்றுவிட்டு, என் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சாற்றைத் தொட்டார். அடுத்த முறை இரண்டு லிட்டர் பால் போதாது, மூன்று வாங்கி வா என்று சொல்லியிருக்கிறார்.